ஈட்டி மரக் கிட்டார் பலகையில் இலைக்கொடி: சிப்பிக்குப் பதில் மரம் பதிக்கலாமா?

ஆறுகம்பி:
அகூஸ்டிக் கிட்டார் ஒன்று செய்துகொண்டிருக்கிறேன், இது எனக்கு இரண்டாவது. கழுத்தில் கம்பிகளுக்கு அடியில் வரும் விரல் பலகைக்கு நல்ல வைரம் பாய்ந்த ஈட்டி மரம் (ரோஸ்வுட்) கிடைத்திருக்கிறது. 6 மி.மீ. கனம், இன்னும் தட்டையாகத்தான் இருக்கிறது, ஃப்ரெட் (குறுக்கே பதிக்கும் உலோகக் கம்பி) அடிக்கவில்லை. ஃப்ரெட்டுகளுக்கு நடுவே உள்ள கட்டங்களை அடையாளம் காட்டும் வழக்கமான சிப்பிப் புள்ளிகளுக்குப் பதிலாக 3, 5, 7, 9 என்று ஏறி 12-ஆவது கட்டத்தில் முடிகிற மாதிரி ஓர் இலைக்கொடியை மரத்திலேயே பதிக்க ஆசை. சிப்பியின் மினுமினுப்பு என் கண்ணுக்கு ஒட்டவே இல்லை, மரத்துக்குள் மரம் என்றால் பலகையோடு சேர்ந்தே வளர்ந்தது போல இருக்கும். கையில் வெள்ளை மரங்களான வெட்பாலையில் ஒரு துண்டும் மேப்பிளில் ஒரு துண்டும் இருக்கின்றன. மரம் சீக்கிரம் தேய்ந்து பள்ளம் விழுந்துவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், எவ்வளவு ஆழம் குடைய வேண்டும்?

உளிச்சத்தம்:
தேய்மானத்தை விடுங்க. கம்பி அழுந்துவது ஃப்ரெட் மேல்தான், மரத்தில் படுவது பெரும்பாலும் விரல் நுனி. பயப்பட வேண்டியது நிறத்துக்கு. என் முதல் பலகையில் மேப்பிள் இலை ஒன்று அச்சாகப் பொருந்தியது, தேய்த்து முடித்துத் தூள் போகட்டும் என்று ஸ்பிரிட் நனைத்த துணியால் ஒரு இழுப்பு இழுத்தேன், அவ்வளவுதான், கண்ணெதிரே இலை முழுக்க ஊதாவும் பழுப்புமாக ஊறிவிட்டது. ஈட்டியின் சாயம் ஸ்பிரிட்டில் கரையும். இரண்டு நாள் வேலை, சுரண்டச் சுரண்ட உள்ளேயும் கறை.

இப்போதெல்லாம் பதிப்பதற்கு முன்பே இலையின் பக்கங்களிலும் மேலும் தண்ணீர் போன்ற சூப்பர் க்ளூவை இரண்டு தடவை ஊட்டிவிடுகிறேன். ஒட்டிய பிறகு உப்புத்தாளை உடனே எடுக்காதீங்க, எஃகுத் தகட்டால் சுரண்டி மட்டமாக்குங்க, தூள் நாரில் ஏறாது. கடைசியில் மட்டும் உப்புத்தாள், அதுவும் காய்ந்தபடியே, தூளை ஊதித் தள்ளிவிடுங்க. அரக்கு பாலிஷும் ஸ்பிரிட்டில் கரைத்ததுதான், அதனால் பலகை மேல் பிரஷ் ஓட்டாதீங்க.

மரத்தூள்:
ஆழத்தைக் கேட்டீர்களே, அதற்கு, பலகையின் மேற்புறத்தைக் குறுக்குவாக்கில் லேசாக வளைத்துத் தேய்ப்போமே, அந்த வளைவைக் கணக்கில் எடுக்க வேண்டும். 12 அங்குல ஆரத்துக்குத் தேய்க்கப் போகிறீர்கள் என்றால், 12-ஆவது கட்டத்தில் பலகை 52 மி.மீ. அகலம் இருந்தால், ஓரம் நடுவை விடச் சுமார் 1.1 மி.மீ. இறங்கிவிடும். 1.5 மி.மீ. இலையைத் தட்டைப் பலகையில் பதித்துவிட்டு வளைத்தால் ஓரத்து இலையில் மிஞ்சுவது 0.4 தான். ஒன்று, 2.5 மி.மீ. துண்டாக எடுங்கள், இல்லை, முதலில் வளைத்துவிட்டுச் சின்னச் சின்ன இலைகளாகக் குடையுங்கள். நான் இரண்டாவது வழிக்காரன்.

அப்புறம், இலையின் ரேகை பலகையின் ரேகையோடு ஒரே திசையில் ஓடட்டும். குறுக்கே வைத்தால் மழைக்காலத்தில் இரண்டும் வெவ்வேறு பக்கம் உப்பும், ஓரத்தில் மயிரிழைக் கோடு தெரியும்.

உளிச்சத்தம்:
மரத்தூள் சொல்வது சரி. வெட்பாலை பற்றியும் ஒரு வார்த்தை. சன்னபட்டணத்துப் பொம்மைக்கு அதைத்தான் கடைகிறார்கள், பால் வெள்ளை, வெண்ணெய் மாதிரி வெட்டும். ஆனால் மேப்பிளை விட மெத்து. இலைக்கு வைத்துக்கொள்ளலாம், மெல்லிய தண்டுக்கு மேப்பிள்தான். எந்த வெள்ளை மரமானாலும் வியர்வையில் அழுக்கேறும், பழைய ஃபெண்டர் கிட்டார்களில் லாக்கர் பூச்சு தேய்ந்த இடத்தில் மேப்பிள் கறுத்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீங்க. அந்த சூப்பர் க்ளூ பூச்சைத் தவிர்க்காதீங்க.

ஆறுகம்பி:
இரண்டு பேருக்கும் நன்றி. நேற்று ஈட்டிக் கழிவுத் துண்டு ஒன்றில் ஒரே ஒரு வெட்பாலை இலை பதித்தேன். நுனியில் சின்ன இடுக்கு விழுந்தது, ஈட்டித் தூளை எபாக்ஸிப் பசையில் குழைத்து அடைத்தேன், பலகையை விடக் கறுப்பாகத் தெரிகிறது, ஆனால் இலைக்கு மை தீட்டிய மாதிரி அதுவும் அழகாகவே இருக்கிறது. தகட்டால் சுரண்டிய பக்கம் பளிச்சென்று வெள்ளை. வேண்டுமென்றே பூச்சு இல்லாமல் உப்புத்தாள் போட்ட பக்கம் சாம்பல் தட்டிவிட்டது. இன்று மாலை பலகையை வளைக்கத் தொடங்குகிறேன், முதல் இலை 12-இல்.