பாம்பன் பள்ளி இசைப் பயிலரங்கு: டிரம்பெட் பழுதுபார்ப்பவர் தேவை

பாம்பனிலுள்ள எங்கள் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு, பேண்டு கலைஞர்கள் டிரம்பெட்டையும் சைடு டிரம்மையும் நேரில் வாசித்துக் காட்டிப் பழக்கும் பயிலரங்கை அடுத்த மாதம் நடத்தவிருக்கிறோம். ஆனால் மாணவர்களுக்கென நன்கொடையாக வந்த, விரலால் அழுத்தி சுரம் மாற்றும் 3 வால்வுகள் கொண்ட, பி பிளாட் சுருதியிலான டிரம்பெட்டுகள், மழைக்காலம் முழுவதும் கடற்காற்று புகும் அறையில் கிடந்ததால் இயங்கவில்லை: இரண்டாம் வால்வு அழுத்தினால் மேலே எழுவதில்லை, சுருதி சேர்க்கும் குழாய் அசைவதே இல்லை, மூட்டுகளில் பச்சைக் களிம்பு படிந்திருக்கிறது. டிரம்களில் திருகாணிகள் மட்டுமே துருவேறியுள்ளன. அவற்றை நாங்களே மாற்றிவிடுவோம்.

வால்வுகளைக் கழற்றி, வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவி, வால்வு எண்ணெய் இட்டும், குழாய் மூட்டில் எண்ணெய் விட்டு இரவு முழுவதும் ஊறவைத்தும் பயனில்லை. குழாயைக் குறட்டால் பிடித்து இழுக்கச் சிலர் சொன்னார்கள். மெல்லிய பித்தளை நெளிந்துவிடும் என்பதால் மறுத்துவிட்டோம்.

இராமநாதபுரத்திலோ மதுரையிலோ பித்தளை ஊதுகருவிகளைப் பழுதுபார்த்துத் தேர்ந்த கைவினைஞர் எங்கே இருக்கிறார்?