டெட் பாஸ் பண்ணிட்டு தனியார் ஸ்கூலுக்குப் போனா அது ஆகார் வழியா?

ரூத்_காரைக்குடி:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வீடு செக்காலைப் பக்கம். பி.எட். முடிச்சு 2017ல டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) பாஸ் பண்ணேன். அரசாங்க வேலைக்கு அது மட்டும் போதாது, போட்டித் தேர்வும் எழுதணும்னு ஆச்சு. எழுதினேன், லிஸ்ட்ல பேர் வரல. டெட் சான்றிதழ் ஆயுசுக்கும் செல்லும்னு 2021ல சொல்லிட்டாங்க. சான்றிதழுக்கு ஆயுசு கெட்டி, என் கதைதான் தெரியல.

இப்போ கோயம்புத்தூர் பக்கம் ஒரு ஸ்கூல்ல கணக்கு டீச்சர் வேலை வந்திருக்கு. சம்பளம் 18,000, தங்குற இடமும் சாப்பாடும் அவங்களே. திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். அப்பா முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடையில தேக்குக் கதவுக்கு மெருகு போடுறவர். உட்கார்ந்து அடிப்பலகையைத் தேய்ச்சா, எந்திரிக்க யாராவது கை கொடுக்கணும்ங்கிற நிலைமை.

அம்மா போகாதேங்கிறாங்க. சபையில ஒரு அக்கா ஜெபம் பண்ணிட்டு, "கர்த்தர் பிள்ளை தர்றேன்னு சொல்லியும் ஆபிரகாம் பொறுக்க முடியாம வேலைக்காரி ஆகாரைச் சேர்த்துக்கிட்ட மாதிரி ஆயிடும், கர்த்தருடைய வேளைக்குக் காத்திரு"ன்னாங்க. (அக்கா வீட்டுக்காரர் சிங்கப்பூர்ல இருந்து மாசாமாசம் பணம் அனுப்புறார், அது வேற விஷயம்.) அதைக் கேட்டதிலிருந்து தூக்கம் இல்ல. போனா நான் விசுவாசம் இல்லாதவளா?

மானாமதுரை டீச்சர்:
ரூத், ஆதியாகமத்தை எடுத்து வயசைப் பாரும்மா. ஆரான் ஊரை விட்டுக் கிளம்பும்போது ஆபிராமுக்கு (ஆபிரகாமோட பழைய பேர்) 75. ஆகாருக்கு இஸ்மவேல் பிறந்தப்ப 86. வாக்குக் கொடுத்த பிள்ளை ஈசாக்கு பிறந்தப்ப 100. அவருக்குப் பிள்ளை உண்டுன்னு கர்த்தரே சொல்லியிருந்தார். உனக்கு அரசாங்க வேலை உண்டுன்னு எந்த அதிகாரத்துல சொல்லியிருக்கார்? நம்ம ஆசைக்கு வாக்குத்தத்தம்னு பேர் வச்சுடுறோம், அப்புறம் வரலன்னு அவர்கிட்ட சண்டை போடுறோம்.

அந்தக் கதையில அடி வாங்கினது யாரு? அப்பமும் ஒரு துருத்தித் தண்ணியும் கொடுத்து ஆகாரைத்தானே பிள்ளையோட வனாந்தரத்துக்கு அனுப்பினாங்க. நீ கணக்கு சொல்லிக்கொடுத்தா யாரு தெருவுக்கு வரப்போறா?

உங்களுக்கு நல்லதைத்தான் நினைச்சிருக்கேன்னு கர்த்தர் சொல்றதா வீட்டுக்கு வீடு காலண்டர்ல தொங்குற எரேமியா 29:11ஐ மட்டும் படிக்காதே. அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவங்களுக்கு எழுதின கடிதம். முந்தின வசனத்துல, ஊர் திரும்ப 70 வருஷம் ஆகும்னு இருக்கு. அப்போ நடுவயசுல இருந்தவங்க ஊர் திரும்பியிருக்கவே வழியில்ல. அவங்களுக்கு 5, 6ம் வசனத்துல சொன்னது என்ன? வீடு கட்டு, தோட்டம் போடு, கல்யாணம் பண்ணு. ஊர் திரும்புற நாள் வரைக்கும் மூட்டையைக் கட்டி வச்சுட்டு உட்காருன்னு சொல்லல.

பூக்கல்லுக்காரர்:
நான் ஆத்தங்குடி, தரையில பதிக்கிற பூக்கல்லு (டைல்ஸ்) செய்யுற வேலை. தங்கச்சி, அச்சுல எடுத்த கல்லு தண்ணித் தொட்டியில பல நாள் ஊறணும். அவசரப்பட்டா ஓரம் உதிரும், அதுல நாம ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா அது ஊறுதேன்னு எவனும் தொட்டியையே பார்த்துட்டு நிக்கிறதில்ல. அச்சுக்கு அடியில வைக்கிற அடுத்த கண்ணாடியைத் துடைச்சு அடுத்த கல்லுக்குச் சாயம் ஊத்துவோம்.

தேவகோட்டை ரஸ்தா:
நான் கத்தோலிக்கன். டீச்சர் சொன்னது சரி, ஆனா ஒண்ணு விட்டுப்போச்சு. வேலைக்குப் போனா எல்லாம் சரியாயிடும்னும் இல்ல. ஓரியூர் அருளானந்தர், போர்த்துகல்ல இருந்து வந்த பாதிரியார், மறவர் சீமையில (ராமநாதபுரம் பக்கம்) சித்திரவதைப்பட்டு, அப்புறம் போர்த்துகல் போய், 1690ல திரும்ப இங்கேயே வந்தார். 1693ல தலையை வெட்டினாங்க. புனிதர் பட்டம் கொடுத்தது 1947ல. இதுல கர்த்தரோட திட்டம் என்னன்னு வெட்டின அன்னைக்கு யாருக்குப் புரிஞ்சிருக்கும்? புரியாமலேயும் நம்பணும்மா, போனாலும் சரி, போகாட்டியும் சரி.

இப்போ வேலைப் பேச்சு. சேரும்போது ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வச்சுக்குவாங்களான்னு கேட்டுக்கங்க. என் தங்கச்சி ஒரு ஸ்கூல்ல அப்படிக் கொடுத்துட்டு, திரும்ப வாங்குறதுக்குள்ள படாத பாடு பட்டுச்சு. சம்பளத்தை எழுத்துல வாங்குங்க. பி.எஃப். உண்டான்னும் கேளுங்க.

ரூத்_காரைக்குடி:
எல்லாருக்கும் நன்றி. போன் பண்ணேன், ஜெராக்ஸ் போதுமாம், பி.எஃப். உண்டாம். அம்மாவுக்கு எரேமியா 29 முழுசா வாசிச்சேன். "எழுபது வருஷமா!"ன்னு வாயில கை வச்சாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, கோயம்புத்தூருக்கு எத்தனை மணிக்கு பஸ்னு அவங்களே கேட்டாங்க. போட்டித் தேர்வுப் புத்தகத்தையும் எடுத்துட்டுத்தான் போறேன். ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு அந்த அக்கா கேட்டா என்ன சொல்றதுன்னு மட்டும் யாராவது சொல்லுங்க.