தாத்தா 80 – திருக்கடையூர் குழு

நான்: தாத்தாவின் ஹெட்போன் பெட்டி போச்சு. அடாப்டரைச் செருகி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, புகை.

அம்மா: வீடெல்லாம் நாற்றம். எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டேன்.

பெரியப்பா: எந்தப் பெட்டி?

நான்: போன வாரம் மாமா கொண்டுவந்தாரே, ஹெட்போனுக்குச் சத்தம் கூட்டித் தரும் அந்த ஆம்ப். லேப்டாப் பாட்டை ஒலி சிக்னலாக மாற்றும் டாக் தனி. அது லேப்டாப் யுஎஸ்பியிலேயே ஓடுகிறது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

பெங்களூரு சித்தப்பா: அடாப்டர் முதுகில் என்ன எழுதியிருக்கிறது? அப்படியே டைப் செய்.

நான்: இன்புட் 120 வோல்ட் ஏசி 60 ஹெர்ட்ஸ். அவுட்புட் 15 வோல்ட் ஏசி 1 ஆம்பியர்.

பெங்களூரு சித்தப்பா: போச்சு.

சித்தி: 1998 அமெரிக்க மிக்ஸி 😂

அத்தை: அதை இன்னும் விடவில்லையா நீங்கள் எல்லாம்?

பெரியப்பா: மாப்பிள்ளை ஆசையாகக் கொண்டுவந்தார். யாரும் ஒன்றும் சொல்ல வேண்டாம். வேன் 17 சீட் போதுமா, 21 சொல்லட்டுமா?

நியூஜெர்சி மாமா: என் லேப்டாப் சார்ஜர் அங்கே நன்றாகத்தானே ஓடியது?

பெங்களூரு சித்தப்பா: மாமா, அது எஸ்எம்பிஎஸ் வகை சார்ஜர். 100 முதல் 240 வோல்ட் வரை எது வந்தாலும் சமாளிக்கும். இதன் உள்ளே வெறும் டிரான்ஸ்பார்மர், கையில் எடுத்தாலே கனம் தெரியும். 120க்குச் சுற்றிய காயிலில் நம் ஊர் 230ஐ விட்டால் அளவுக்கு மீறி கரண்ட் இழுத்து வெந்துபோகும். இனி வாங்க வேண்டியது இன்புட் 230, அவுட்புட் 15 வோல்ட் ஏசி, 1 ஆம்பியர். ஆம்பியர் கூட இருந்தால் பரவாயில்லை, பெட்டி தனக்கு வேண்டியதை மட்டும்தான் இழுக்கும். வோல்ட் மட்டும் மாறக் கூடாது. கடையில் "அடாப்டர்" என்று மொட்டையாகக் கேட்டால் டிசி அவுட்புட்தான் எடுத்து நீட்டுவார்கள். அவுட்புட்டும் ஏசி என்று அழுத்திச் சொல்ல வேண்டும். மீட்டர் வைத்தால் சும்மா இருக்கும்போது 17, 18 காட்டும், அதைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிடாதே.

சித்தி: இதை எல்லாம் யார் படிப்பது?

தம்பி: செட்டாப் பாக்ஸ் அடாப்டர் முனை சரியாகப் பொருந்துகிறது. 12 வோல்ட்.

பெங்களூரு சித்தப்பா: தொடாதே!! அது டிசி. இந்தப் பெட்டி ஏசியின் மேல் பாதியில் பிளஸ், கீழ்ப் பாதியில் மைனஸ் என்று இரண்டு சப்ளை எடுத்துக்கொள்கிறது. டிசி கொடுத்தால் ஒரு பக்கம்தான் கிடைக்கும்.

தம்பி: சரி, எடுத்துவிட்டேன்.

அம்மா: எடுத்துவிட்டேன் என்றால்? போட்டாயா?

அத்தை: அண்ணி, பாட்டிக்கு அரக்குப் பட்டா, மாம்பழ மஞ்சளா?

அம்மா: அரக்கு.

சித்தி: போன தடவையும் அரக்குதானே?

நியூஜெர்சி மாமா: நான் இங்கிருந்து வேறு ஒன்று அனுப்பட்டுமா?

பெங்களூரு சித்தப்பா: வேண்டாம் மாமா.

பெரியப்பா: வேன்?

தாத்தா: பரணில் மிக்ஸிக்கு வாங்கிய, வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப்டவுன் பெட்டி இருக்கிறதே.

பெங்களூரு சித்தப்பா: அப்பா, அதை நேற்றே எடுத்திருந்தால் அடாப்டர் பிழைத்திருக்கும். இன்னொன்று. அந்த ஒரு நிமிஷம் ஆம்புக்குள் 15க்குப் பதில் ஏறக்குறைய 29 வோல்ட் போயிருக்கும். அது உயிரோடு இருக்கிறதா என்பது புது அடாப்டர் வந்தால்தான் தெரியும்.

அத்தை: அப்படியென்றால் முதலில் ஆம்பைப் பார்த்துவிட்டு அடாப்டர் வாங்கலாமே?

பெங்களூரு சித்தப்பா: அடாப்டர் இல்லாமல் எப்படி அக்கா பார்ப்பது?

அம்மா: நாளைக்கே யாராவது ரிச்சி தெருவுக்குப் போங்கள்.

நான்: நாளை ஞாயிறு, முக்கால்வாசிக் கடை இருக்காது. திங்கள் மதியம் ஆபீஸிலிருந்து ஓடிப் பார்க்கிறேன். கிடைக்காவிட்டால் டிரான்ஸ்பார்மர் சுற்றிக் கொடுக்கும் கடையில் கேட்கிறேன்.

பெரியப்பா: வெள்ளிக்கிழமை சதாபிஷேகம். இந்த வாரம் இதுதான் முக்கியமா?

பாட்டி: முக்கியம்தான். காலை 5 மணிக்கு ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுகிறார். எனக்குத் தூக்கமே இல்லை.

பெரியப்பா: சரி, 21 சீட்டே சொல்லிவிடுகிறேன்.

சித்தி: இருங்கள், நாங்கள் காரில் வரலாமா என்று யோசிக்கிறோம்.