மட்டாஞ்சேரியோடு திரும்பிவிடாதீர்கள்

கொச்சிக்குப் போகிறவர்கள் மட்டாஞ்சேரியில் யூதர்களின் வழிபாட்டிடமான பரதேசி யூதப்பள்ளியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். முதல் பயணத்தில் நானும் அப்படித்தான் செய்தேன். 1568இல் கட்டப்பட்ட அந்தப் பள்ளிக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். சீனத்திலிருந்து வந்த நீலப்பூ ஓடுகள் வெறுங்காலில் சில்லென்று பட்டபோது, ஏதோ நம் ஊர்க் கோயிலுக்குள் நடப்பதுபோல் இருந்தது. நாம் ஏச்சாகப் பயன்படுத்தும் ‘பரதேசி’ அங்கே வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்ற பழைய பொருளிலேயே நிற்கிறது. 1492இல் ஸ்பெயின் யூதர்களை விரட்டிய பிறகு இங்கே வந்து சேர்ந்த குடும்பங்களுக்கு ஏற்பட்ட பெயர் அது.

அவர்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கே வாழ்ந்தவர்கள் மலபாரி யூதர்கள். ஏறத்தாழ 1000ஆம் ஆண்டில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பான் என்ற யூதருக்கு அளித்த செப்பேடு வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது. அதன் வாசகத்தை அச்சில் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவோடு 72 உரிமைகள் அவருக்குத் தரப்படுகின்றன. பகல்விளக்கு, நடப்பதற்கு விரிக்கும் பாவாடை, குடை, வடுகப்பறை, தோரணம் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. இவற்றைப் புரிந்துகொள்ளத் தமிழருக்கு அகராதி வேண்டியதில்லை.

பரதேசிப் பள்ளியின் அழகைச் சொல்பவர்கள் அதன் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்த யூதர்களுக்கு அங்கே சம உரிமை இருக்கவில்லை. அதே வழியில் வந்த வழக்கறிஞர் ஏ. பி. சேலம் காந்திய வழியில் சத்தியாக்கிரகம் செய்து போராடினார். இன்று அந்தப் பள்ளிக்குப் போகும் தெருவுக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். பெயர்ப்பலகையின் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

இரண்டாவது பயணத்தில் எர்ணாகுளத்திலிருந்து பஸ் பிடித்து, வடக்குப் பறவூர் வழியாகச் சேந்தமங்கலம் போனேன். அங்குள்ள யூதப்பள்ளியின் முன்னால் ஒரு கல்லறைக் கல் நிற்கிறது. ‘இஸ்ரவேலின் மகள் சாரா’ என்று எபிரேயத்தில் பொறித்திருக்கிறார்கள், ஆண்டு 1269. யார் அந்தப் பெண், எத்தனை வயதில் இறந்தாள் என்று யோசித்துக்கொண்டே நெடுநேரம் அங்கே நின்றேன்.

உள்ளே மாடியில், பெண்கள் அமரும் பகுதிக்கு முன்னால் மறைநூல் வாசிக்க இரண்டாவது மேடை ஒன்று இருக்கிறது. இது கொச்சி யூதப்பள்ளிகளுக்கே உரிய அமைப்பு. இந்தச் சமூகத்துப் பெண்கள் மலையாளத்தில் பாட்டுகள் பாடினார்கள். அவற்றை நோட்டுகளில் எழுதித் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்தும் வந்தார்கள். மேடையையும் மரக் கிராதியையும் பார்த்தபோது அந்தப் பாட்டு நோட்டுகளைத்தான் நினைத்துக்கொண்டேன்.

இஸ்ரேல் உருவான பிறகு, முக்கியமாக 1950களில், மலபாரி யூதர்களில் பெரும்பாலோர் அங்கே குடியேறினார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் நெகேவ் பாலைவனத்து நெவாடிம் கிராமத்தில் குடியமர்ந்தார்கள். தென்னந்தோப்பிலிருந்து பாலைவனத்துக்குப் போய்ப் பயிர் செய்து பிழைத்தார்கள்.

பள்ளியை விட்டு வெளியே வந்ததும் தண்ணீர் கேட்டு ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன். அந்த வீட்டு அம்மூம்மாவுக்கு எண்பது வயது இருக்கும். யூதப்பள்ளி பார்க்க வந்தேன் என்றதும் என்னைப் பின்கட்டுக்கு அழைத்துப் போய் ஓர் அம்மிக்கல்லைக் காட்டினார். பக்கத்து வீட்டு யூதக் குடும்பம் கப்பலேறப் புறப்பட்டபோது அவருடைய அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனதாம். அன்று அம்மாவும் அந்த வீட்டுப் பெண்ணும் கட்டிக்கொண்டு அழுததைத் தூணருகே நின்று பார்த்தது அவருக்கு நினைவிருக்கிறது. தேய்ந்து நடுவில் குழிந்திருந்த அந்தக் கல்லில் அன்று காலை அரைத்த தேங்காய் இன்னும் ஒட்டியிருந்தது.