ராத்திரி முழுக்க டிஃப்யூசர் ஓடினால் மூச்சுக்கும் இதயத்துக்கும் ஏதாவது ஆகுமா?

வானதி:
தூக்கம் நன்றாக வரும் என்று, வாசனை எண்ணெயை ஆவியாக்கி அறையில் பரப்பும் டிஃப்யூசரில் லாவெண்டர் எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஓடவிடுகிறோம், கதவு ஜன்னல் எல்லாம் மூடித்தான் இருக்கும். அம்மா பிபி மாத்திரை சாப்பிடுகிறார். தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். படுக்கும்போது ஒன்றும் தெரிவதில்லை, விடியற்காலையில் அவன் இருமிக்கொண்டே எழுந்திருக்கிறான். இயற்கை எண்ணெய்தானே, அதனால் இருக்காது என்கிறார் அம்மா. உண்மையா?

செழியன்:
ராத்திரி முழுக்க வேண்டவே வேண்டாம். தைவானில் ஸ்பாக்களில் வேலை பார்க்கும் ஆரோக்கியமான இளைஞர்கள் 100 பேரை 2 மணி நேரம் பெர்கமாட் (ஆரஞ்சு வகைப் பழம்) எண்ணெய் ஆவியில் இருக்கவைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2012இல் வெளிவந்தது. முதல் முக்கால் மணி நேரத்தில் பிபியும் நாடித்துடிப்பும் 2 புள்ளி அளவுக்கு இறங்கின. 75 நிமிடம் தாண்டியதும் இரண்டுமே ஏற ஆரம்பித்துவிட்டன. சின்ன மாற்றம்தான், அதற்காக அம்மாவைப் பயமுறுத்த வேண்டாம். ஆனால் முதலில் கிடைத்த நிதானம் நேரம் ஆக ஆகத் தலைகீழாகிறது, அதுவும் திடமான உடம்புக்காரர்களுக்கே, என்பதை யோசியுங்கள்.

கயல்:
எனக்குத் தம்பியை நினைத்துத்தான் கவலை. வீசிங் இருப்பவர்களுக்குக் கடுமையான வாசனை மட்டுமே மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும், அது பூவிலிருந்து வந்ததா ஆலையிலிருந்து வந்ததா என்று நுரையீரல் பார்ப்பதில்லை. போதாததற்கு, இந்த எண்ணெய்களில் இருக்கும் லிமோனீன், லினலூல் மாதிரி வாசனைப் பொருட்கள் காற்றில் இருக்கும் ஓசோனோடு சேர்ந்து ஃபார்மால்டிஹைடு என்ற எரிச்சலூட்டும் வாயுவும் நுண்துகள்களும் உண்டாகும். மூடிய அறையில் அதெல்லாம் வெளியே போக வழியே இல்லை.

வானதி:
சரி, லாவெண்டரை விட்டுவிட்டு யூகலிப்டஸ், புதினா எண்ணெய் போடலாமா? மூக்கு உடனே திறந்துகொள்கிறதே.

கயல்:
திறந்த மாதிரி தோன்றும், அவ்வளவுதான். புதினாவில் இருக்கும் மென்தால் மூக்கில் குளிர்ச்சியை உணரும் நரம்பைத் தூண்டுகிறது. உள்ளே போகும் காற்றின் அளவை அளந்து பார்த்தால் பெரிதாக மாறியிருக்காது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இந்த இரண்டும் வேண்டாம், மூச்சே தடைபடலாம். அப்புறம், தம்பி மருந்தை ஆவியாக இழுக்கும் நெபுலைசரில் எந்த எண்ணெயையும் விட்டுவிடாதீர்கள், நுரையீரலுக்குள் எண்ணெய் போனால் ஒருவகை நிமோனியாவே வரும்.

வானதி:
இன்றைக்கே எடுத்துவைத்துவிடுகிறேன். இருமல் நிற்க எவ்வளவு நாள் பார்க்கலாம்?

செழியன்:
காத்திருக்க வேண்டாம், டிஃப்யூசரை நிறுத்துங்கள், கூடவே டாக்டரிடமும் காட்டிவிடுங்கள். வீசிங் இருப்பவர் விடியற்காலையில் இருமி எழுந்தால் ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், இன்ஹேலர் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம்.