பள்ளிக்காகக் கூடுதல் வீட்டு வரி: ஓட்டுப் போடச் சொன்னால் என்ன போடுவீர்கள்?

கெடிலக்கரை (கடலூர்)
திருப்பாதிரிப்புலியூரில் எங்களுக்கு 900 சதுர அடியில் மாமனார் காலத்து வீடு. அக்டோபர் 31-க்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி என்பதால் சொத்துவரியை முன்னாலேயே கட்டிவிட்டேன். 2022-ல் எங்கள் அளவு வீட்டுக்கு 50 சதவீதம் ஏற்றினார்கள். அந்த வரிக்குள் கல்வி வரி, நூலக வரி இரண்டும் அடக்கம்.

நான் பள்ளிச் சீருடை தைப்பவள். அளவெடுக்க ஒரு பள்ளிக்குப் போனேன். பெண்பிள்ளைகள் கழிப்பறைக் கதவு ஃபெஞ்சல் மழையில் ஊறி, அடிப்பாகம் இற்றுப் போயிருக்கிறது. ஒரு பிள்ளை தோழியை வாசலில் காவலுக்கு நிறுத்திவிட்டு உள்ளே போனாள். அதைப் பார்த்ததிலிருந்து மனசே சரியில்லை.

தங்கை மகள் அமெரிக்காவில் ஒஹையோவில் இருக்கிறாள். அங்கே பள்ளிக்காகச் சொத்துவரியைக் கூட்டலாமா என்று ஊர்க்காரர்களே ஓட்டுப் போட்டு முடிவெடுப்பார்களாம். அந்தக் கதவுக்கென்று கேட்டால் வருஷம் 200 ரூபாய் கூடுதலாகத் தருவேன். நம் ஊரில் இப்படி ஓட்டு வந்தால் நீங்கள் என்ன போடுவீர்கள்?

கொலம்பஸ்வாசி
உண்மைதான் அக்கா. இங்கே ஒஹையோவில் அந்தக் கூடுதல் வரியை லெவி என்பார்கள், கணக்கை மில்லில் சொல்வார்கள். வரிமதிப்பில் 1,000 டாலருக்கு 1 டாலர் என்றால் ஒரு மில். சந்தை விலையில் 35 சதவீதம்தான் வரிமதிப்பு. ஆக, ஒரு லட்சம் டாலர் வீட்டுக்குப் புதிதாக ஒரு மில் வந்தால் வருஷத்துக்கு 35 டாலர். வேண்டும், வேண்டாம் என்று வீட்டு முற்றத்தில் பலகை நட்டுப் பிரசாரம் நடக்கும். பென்ஷனில் வாழும் பெரியவர்கள் வேண்டாம் என்றால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் ஒன்று. வீடுகள் விலை போகும் ஊரில் ஒரு மில்லே நிறையக் கொண்டுவரும். ஏழை ஊரில் எத்தனை மில் போட்டாலும் தேறாது. சொத்துவரியை இவ்வளவு நம்பியிருக்கும் முறை அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாது என்று மாநில உச்ச நீதிமன்றமே 1997-ல் சொல்லிவிட்டது. லெவி ஓட்டு அதற்கு அப்புறமும் நடக்கிறது.

முத்தியால்பேட்டை
புதுச்சேரியில் 1968-க்கு அப்புறம் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006-ல். வந்தவர்களின் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது. அதோடு சரி. எங்களுக்கு முதலில் வார்டு கவுன்சிலருக்கு ஓட்டுப் போட வழி வேண்டும். வரிக்கு ஓட்டெல்லாம் அப்புறம்.

முதுநகர் அம்மா
நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். ஒரு கதவுக்காக ஊரே ஓட்டுப் போட வேண்டியதில்லை. அந்தப் பள்ளிக் குழுவில் இருக்கும் பெற்றோரைப் பிடித்துத் தீர்மானம் போட வையுங்கள். இன்னொன்று, நகராட்சி, மாநகராட்சிக் கணக்கில் தொடக்கக் கல்வி நிதி என்று தனியாக உண்டு. அதில் எவ்வளவு வந்தது, எந்தப் பள்ளிக்குச் செலவானது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும்.

கெடிலக்கரை (கடலூர்)
கொலம்பஸ் தம்பி சொன்னதை ராத்திரி முழுக்க யோசித்தேன். அவரவர் தெருப் பணம் அவரவர் தெருப் பள்ளிக்கு என்றால், தேவனாம்பட்டினத்து மீனவப் பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும்? எல்லாப் பள்ளிக்கும் ஒரே பானையிலிருந்து போகட்டும். ஆனால் பானையில் எவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும். மனு எழுத உட்கார்ந்துவிட்டேன். ஆணையர் பெயருக்கா அம்மா?

முதுநகர் அம்மா
பொதுத் தகவல் அலுவலர், மாநகராட்சி அலுவலகம் என்று போடுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.