கம்பெனி டயரை மாற்றினால் சொகுசும் பிடிமானமும் சேர்ந்து கிடைக்குமா? (185/65 ஆர்15)

மூணாவது கியர் கேட்டது:

வணக்கம். சின்ன ஹேட்ச்பேக், முன்சக்கர இழுவை. வண்டியோட வந்த டயர் 185/65 ஆர்15 88டி, ரிம் அகலம் 5.5 அங்குலம். ட்ரெட் (தரையைத் தொடுற, பள்ளம் வெட்டின ரப்பர்) இன்னும் 3 மிமீ இருக்கு. குறைன்னு பார்த்தா, பாலத்து இணைப்பு மேல ஏறினாலே டக் டக்குன்னு உள்ளே இடிக்குது. வளைவுல ஸ்டீயரிங்கை ஒடிச்சா வண்டி ஒரு கணம் யோசிச்சுட்டுத்தான் திரும்புது. ஈரத்துல பிரேக் அழுத்தினா ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்காம தடுக்கிற அமைப்பு) சீக்கிரமே உதற ஆரம்பிச்சுடுது.

மனசுல இருக்கறது மூணு வழி: அதே அளவுல நல்ல டயர், இல்லேன்னா 195/65 ஆர்15, இல்லேன்னா 16 அங்குல அலாய் ரிம் வாங்கி 195/55 ஆர்16. எது சரி? மாட்டும்போது எதெல்லாம் பார்க்கணும்?

அச்சாணி:

டயரை மாற்றுவதற்கு முன் ஒரு வேலை. வண்டி குளிர்ந்திருக்கும்போது காற்றை அளந்து பாருங்கள். ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவைவிட 4, 5 பிஎஸ்ஐ கூடுதலாக இருந்தால் அந்த 'டக் டக்'கில் பாதி அதுதான். டயரின் விறைப்பு பெரும்பாலும் காற்றழுத்தத்தில்தான் இருக்கிறது. சைடுவாலில் (டயரின் பக்கச் சுவர்) அச்சிட்டிருக்கும் உச்ச அழுத்தத்தைப் பார்த்துக் காற்றடிப்பவர்கள் நிறைய; அது டயர் தாங்கும் எல்லை, உங்கள் வண்டிக்கான அளவு அல்ல.

கம்பெனி டயர் மட்டமானது என்பதில்லை. எரிபொருள் கணக்குக்காக உருளும்போது வரும் தடை குறைவாக இருக்க வேண்டும், எடை குறைவாக இருக்க வேண்டும் என்று கேட்டுச் செய்து வாங்குவது. அதற்காக ரப்பர் கலவையில் விட்டுக்கொடுப்பது பெரும்பாலும் ஈரப் பிடிமானத்தைத்தான். 3 மிமீ ட்ரெட்டில் பள்ளங்கள் தண்ணீரை வெளியேற்றும் திறனும் குறைந்திருக்கும். ஏபிஎஸ் சீக்கிரம் வேலை செய்வதற்கு இரண்டும் காரணம்.

இனி அளவுகள். 185 என்பது மில்லிமீட்டரில் அகலம், 65 என்பது அந்த அகலத்தில் சைடுவால் உயரம் எத்தனை விழுக்காடு என்பது, 15 என்பது அங்குலத்தில் ரிம் விட்டம். இப்போதைய டயரின் சைடுவால் உயரம் 120 மிமீ (185-இல் 65 விழுக்காடு), மொத்த விட்டம் 621.5 மிமீ. 195/65 ஆர்15-இன் விட்டம் 634.5 மிமீ, 2.1 விழுக்காடு அதிகம். ஸ்பீடோமீட்டர் அந்த அளவுக்குக் குறைத்துக் காட்டும், ஒவ்வொரு கியரும் கொஞ்சம் நீளமாகும். அதைவிட முக்கியம் ரிம். 195/65-க்கு அனுமதிக்கப்பட்ட ரிம் 5.5 முதல் 7 அங்குலம். அந்த 195 மிமீ அகலத்தை அளவெடுப்பது 6 அங்குல ரிம்மில். உங்களுடையது கீழ் எல்லை. ரிம் அரை அங்குலம் குறுகினால் டயர் அகலத்தில் சுமார் 5 மிமீ போய்விடும். 10 மிமீ அகலத்துக்குக் காசு கொடுத்துப் பாதிதான் கையில் கிடைக்கிறது. சைடுவால் உள்நோக்கி இழுபட்டு நிற்பதால் ஸ்டீயரிங் பதில் இன்னும் மந்தமாகும். சொகுசு சற்றுக் கூடும். உங்கள் இரண்டாவது குறை மோசமாகும். 5.5 ரிம்மை வைத்துக்கொண்டு அகலமாகப் போக வேண்டாம்.

என் தேர்வு அதே 185/65 ஆர்15. 88-க்குக் குறையாத சுமை எண் (ஒரு டயருக்கு 560 கிலோ), வேகக் குறி எச் (மணிக்கு 210 கிமீ). டி என்பது 190 கிமீ. அந்த வேகத்தில் யாரும் போகப் போவதில்லை, ஆனால் எச் டயர்களில் ட்ரெட்டுக்கு அடியில் நைலான் உறை சேர்ப்பது வழக்கம், திருப்பத்தில் ட்ரெட் நெளிவது குறையும்.

வளைவுப்புலி:

16 அங்குலத்தை அவ்வளவு லேசா ஒதுக்கிடாதீங்க. 195/55 ஆர்16 விட்டம் 620.9 மிமீ, கிட்டத்தட்ட அதேதான். மீட்டர் பிசகாது. 6 அங்குல ரிம்ல போட்டா ஸ்டீயரிங் கூர்மையே வேற. அவர் கேட்ட "யோசிச்சுட்டுத் திரும்புறது" இதுலதான் முழுசா போகும்.

அச்சாணி:

கூர்மை கூடும், மறுக்கவில்லை. ஆனால் அவருடைய முதல் குறை இடிப்பு. சைடுவால் 120-லிருந்து 107 மிமீ ஆகிறது. இன்னொரு சிக்கல் சுமை. சாதாரண 195/55 ஆர்16-இன் சுமை எண் 87, அதாவது 545 கிலோ. வண்டிக்கு வேண்டியது 560. அப்போது 91 எக்ஸ்எல் (கூடுதல் சுமை தாங்கும் வகை) வாங்க வேண்டும். அது 615 கிலோ தாங்குவது 42 பிஎஸ்ஐ-யில். 36-இல் ஏறக்குறைய அதே 545தான். ஆக, சைடுவாலும் விறைப்பு, காற்றும் 1–2 பிஎஸ்ஐ கூட. ரிம் எடை கூடினால் ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடையும் கூடும். ஆஃப்செட் (ரிம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி நிற்கிறது என்பது) மாறினால் ஸ்டீயரிங்கின் நடத்தையும் வீல் பேரிங் மேல் வரும் பாரமும் மாறும். வழவழப்பான சாலையில் மட்டும் ஓடும் வண்டி என்றால் உங்கள் கட்சிக்கே வாக்கு.

கிரீஸ் கை:

அளவு சண்டையை நீங்க பாத்துக்கோங்க, மாட்டுற கதையை நான் சொல்றேன். நல்ல டயரை வாங்கி மோசமா மாட்டுறதுதான் அதிகம் நடக்குது.

பழைய டயரைக் கழட்டுறதுக்கு முன்னாடியே அதைத் தடவிப் பாருங்க. ஒரு பக்கமா கை ஓட்டினா வழுவழு, எதிர்ப்பக்கம் ரம்பப் பல்லுன்னா டோ (மேலிருந்து பார்த்தா சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிக்கிற கோணம்) சரியில்லை. ஒரு ஓரம் மட்டும் தேஞ்சிருந்தா கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தா சக்கரம் சாஞ்சு நிக்கிற கோணம்), இல்ல டோ. அங்கங்க குழி குழியா தேஞ்சிருந்தா ஷாக் அப்சார்பரோ பேலன்சிங்கோ. இதைச் சரிபண்ணாம புது டயர் போட்டா அதுவும் அப்படியேதான் தேயும். கீழ்க்கை (சக்கரத்தை வண்டியோட இணைக்கிற கீழ்க் கரம்) புஷ், பால் ஜாயின்ட் ஆட்டமும் பாத்துடுங்க. புஷ் போயிருந்தாலும் இதே மந்தமும் இதே டக் டக்கும் வரும், டயர் மேல பழி விழும்.

வாங்கும்போது சைடுவால்ல தயாரிப்புத் தேதி பாருங்க, நாலு இலக்கம். 2324ன்னா 2024-ஆம் வருஷம் 23-ஆவது வாரம். நாலு டயருக்கும் தேதி பக்கம் பக்கமா இருக்கணும். அந்தக் குறி ஒரு பக்கம்தான் முழுசா இருக்கும், ரெண்டு பக்கமும் தேடுங்க.

மாட்டும்போது ரப்பர் வால்வும் புதுசு. ரிம்ல பீடு (டயரோட உள் விளிம்பு) உட்கார்ற இடத்துல துரு, பழைய ரப்பர் இருந்தா கம்பி பிரஷ் போட்டுச் சுத்தம் பண்ணச் சொல்லுங்க, மெல்ல காத்து இறங்குறதுக்கு அதுதான் பெரிய காரணம். பீடுக்கு சோப்புப் பசை மட்டும். கிரீஸ், எண்ணெய் கூடாது. ரப்பரையும் கெடுக்கும், பிரேக் பிடிக்கும்போது ரிம் மேல டயர் வழுக்கவும் செய்யும். 40 பிஎஸ்ஐ-க்குள்ள பீடு 'டப்'புன்னு உட்காரலேன்னா காத்தை இறக்கி, மறுபடி சோப்பு தடவிப் போடணும். இன்னும் ஏத்திப் பாக்குறது உயிருக்கு ஆபத்து. உட்கார்ந்ததும் ரிம் ஓரத்தை ஒட்டி ஓடுற மெல்லிய கோடு சுத்திலும் ஒரே இடைவெளியில இருக்கான்னு பாருங்க. இல்லேன்னா எவ்வளவு பேலன்ஸ் பண்ணினாலும் அதிரும்.

மஞ்சள் புள்ளி இருந்தா வால்வுக்கு நேரா வரணும், அது டயரோட லேசான இடம். 'வெளிப்பக்கம்'னு குறி இருந்தா அது வெளியே, அம்புக்குறி இருந்தா முன்னோக்கிச் சுத்துற திசை.

ஹப் (சக்கரம் மாட்டுற நடுப்பகுதி) முகத்துல துருவைச் சுரண்டிட்டு மாட்டணும். நட்டை கையால முறுக்கி ஆரம்பிச்சு, எதிரெதிரா ரெண்டு சுற்று, கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்சுல (இறுக்கும் விசையை அளந்து காட்டுற ஸ்பேனர்), கையேட்டுல போட்டிருக்கிற அளவுக்கு. சின்ன கார்ல பெரும்பாலும் 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி வரும். காத்துத் துப்பாக்கியாலயே முடிச்சா ஸ்டட் (நட்டு ஏறுற மரைக்கம்பி) நீளும், பிரேக் டிஸ்க் கோணும். மரையில எண்ணெய் விடாதீங்க, அதே டார்க்குல கூடுதலா இறுகிடும். 50–100 கிமீ ஓடினதும் ஒரு தரம் சரிபாருங்க.

அலைன்மென்ட் புது டயர், சரியான காத்து போட்ட பிறகு. முன்னும் பின்னும் அளவு அச்செடுத்து வாங்குங்க. பின்னால டார்ஷன் பீம் (ரெண்டு பின்சக்கரத்தையும் இணைக்கிற ஒரே உத்திரம்) இருந்தா அங்க திருப்ப ஒண்ணும் இருக்காது, ஆனாலும் அளவு தெரியணும்.

மூணாவது கியர்:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். காத்து பாத்தேன், நாலுலயும் 38. கதவுல 33ன்னு போட்டிருக்கு! இறக்கினதும் இடிப்பு நல்லாவே குறைஞ்சிருக்கு. அதே அளவுலயே போறேன். இப்போதைக்கு ரெண்டு வாங்கிட்டு முன்னாடி போட்டா போதுமா? இழுக்குறதும் திருப்புறதும் முன்சக்கரம்தானே.

அச்சாணி:

நாலும் மாற்றுவதே சரி. இரண்டுதான் என்றால் புதியவை பின்னால். ஈரத்தில் முன் டயர் பிடி விட்டால் வண்டி நேராகச் சறுக்கும். வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் பிடி திரும்பும். பின் டயர் விட்டால் வண்டியே சுழன்றுவிடும், அதைச் சமாளிக்கப் பழக்கம் வேண்டும். முன்சக்கர இழுவை வண்டிக்கும் இதுதான் விதி.

கிரீஸ் கை:

முதல் 300 கிமீ வரைக்கும் நிதானமா ஓட்டுங்க. டயரை வார்க்கும்போது அச்சுல ஒட்டாம இருக்கப் போட்ட பூச்சு ட்ரெட் மேல இருக்கும். 8 மிமீ உயர ட்ரெட் கட்டைகள் புதுசுல நெளியும், ஸ்டீயரிங் முதல்ல கொழகொழன்னு தெரியலாம், தேயத் தேய இறுகும்.

அலைன்மென்ட் முடிஞ்சும் ஒரு பக்கம் இழுத்தா முன் டயர் ரெண்டையும் இடம் வலம் மாத்திப் போடுங்க (அம்புக்குறி டயர்னா ரிம்லேர்ந்து கழட்டித்தான் மாத்தணும்). இழுப்பும் பக்கம் மாறினா டயரே கோணல், கடையில மாத்திக் கேளுங்க. மாறலேன்னா வண்டியில பாருங்க. 80 கிமீக்கு மேல ஸ்டீயரிங் நடுங்கினா முன் பேலன்சிங், சீட் நடுங்கினா பின். காத்து எச்சரிக்கை விளக்கு இருந்தா அதையும் புதுசா பதிவு பண்ணிக்கோங்க.